பாரம் யார் தோளில்? முறியாத விநியோகச் சங்கிலிகள் பற்றி ஓர் ஆய்வு

மூலப்பொருள் விளையும் இடத்திலிருந்து கடைக்காரர் கைக்கு வந்து சேரும்வரை சரக்கு கடக்கும் வழி முழுவதையும் விநியோகச் சங்கிலி என்கிறோம். அதைப் பற்றி இரண்டு விவாதங்கள் பல ஆண்டுகளாகத் தனித்தனியே நடந்துவருகின்றன. நிலநடுக்கம், வெள்ளம், கொள்ளைநோய், போர் என எது வந்தாலும் சரக்கு நின்றுபோகாமல் காப்பது எப்படி என்பது ஒன்று. ஆற்றைக் கெடுக்காமலும் உழைப்பவரை வதைக்காமலும் சரக்கை உருவாக்குவது எப்படி என்பது மற்றொன்று. முன்னதை மேலாண்மைப் பேராசிரியர்களும் கொள்முதல் அதிகாரிகளும் பேசுகிறார்கள். பின்னதைச் சூழலியலாளர்களும் தொழிற்சங்கத்தினரும் பேசுகிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழுவது அரிது.

இரண்டு விவாதங்களும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். சங்கிலியை நடத்துவதில் எழும் செலவையும் ஆபத்தையும் யார் சுமக்கிறார்கள் என்று பார்த்தால், அது எங்கே முறியும் என்பதும் தெரிந்துவிடும். தாங்க முடியாதவர் தலையில் சுமை இறங்கும் இடத்தில் அது முறிகிறது. இதை நிறுவ, உலகில் நடந்த சில பெரிய முறிவுகளையும் அவற்றுக்கு நிர்வாகத் துறை கண்ட விடைகளையும் முதலில் பார்ப்போம். பிறகு திருப்பூரின் அனுபவத்தைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்வோம்.

எங்கே முறிகிறது?

2000 மார்ச் 17 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரிலிருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. பத்து நிமிடத்தில் தீயை அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசியே இருக்கக்கூடாத அறைகளைப் புகை கெடுத்துவிட்டது. அங்கே சிப் வாங்கிவந்த நோக்கியா உடனே ஆளனுப்பி மாற்று வழிகளைப் பிடித்துக்கொண்டது. அந்த ஓர் ஆலையையே நம்பியிருந்த எரிக்சன் ஏறத்தாழ 40 கோடி டாலர் விற்பனையை இழந்தது. மறு ஆண்டே தன் கைபேசித் தொழிலை சோனியோடு கூட்டுச் சேர்ந்து நடத்தத் தொடங்கியது.

ஒரே ஆளை நம்பியிருப்பது முதல் வகைப் பலவீனம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் இது இன்னும் பெரிய அளவில் வெளிப்பட்டது. ஜப்பானின் ஹிட்டாச்சிநாக்கா நகரில் ரெனெசாஸ் ஆலை சேதமடைந்ததால், அதன் சிப்புகளை எதிர்பார்த்திருந்த கார் நிறுவனங்கள் மாதக்கணக்கில் தவித்தன. காருக்கு மினுமினுப்பு தரும் சிராலிக் என்ற நிறமி அப்போது ஒனஹாமாவிலிருந்த மெர்க் நிறுவனத்தின் ஓர் ஆலையில் மட்டுமே தயாரானது. அது நின்றதும் ஃபோர்டும் கிரைஸ்லரும் சில நிறக் கார்களுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்தின. இந்த நிறுவனங்கள் தங்களுக்கு நேரே சரக்குத் தருபவரை அறிந்திருந்தன. அவருக்குச் சரக்குத் தருபவர் யார் என்று அறிந்திருக்கவில்லை.

ஒரே இடத்தில் குவிந்திருப்பது இரண்டாவது வகை. அதே 2011-இன் பிற்பகுதியில் தாய்லாந்தின் அயுத்தயா பகுதித் தொழிற்பேட்டைகளில் வெள்ளம் புகுந்தது. உலகின் ஹார்ட் டிஸ்க் உற்பத்தியில் கணிசமான பகுதி அந்நாட்டில் குவிந்திருந்ததால், உலகம் முழுவதும் அவற்றின் விலை எகிறியது. பெயரளவில் பல நிறுவனங்களிடம் வாங்கியவர்களும் தப்பவில்லை, விற்றவர்கள் எல்லோருமே ஒரே ஆற்றுப்படுகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது வழித்தடம். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி ஆறு நாள் பாதையை அடைத்தது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பனியன் சரக்கும் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக நேர்ந்தது. பனாமா கால்வாயின் கதை வேறு. மழைநீரால் நிரம்பும் கட்டூன் ஏரி வறண்டதால், நாளொன்றுக்கு 36 கப்பல் கடந்த இடத்தில் 2023-இன் இறுதியில் 24-க்கும் குறைவாகவே விட முடிந்தது. அங்கே பாதையை அடைத்தது மழைப் பொய்ப்பு. இயற்கையைக் கணக்கில் எடுக்காத வணிகத் திட்டம் எதுவும் முழுமையாகாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

நான்காவது தேவையின் ஏற்ற இறக்கம். கடையில் விற்பனை சற்றே கூடினால் மொத்த வியாபாரி இன்னும் கூட்டிக் கேட்பார், ஆலைக்காரர் அதற்கும் மேலே கூட்டித் தயாரிப்பார். மேலாண்மைப் பேராசிரியர் ஹவ் லீயும் அவருடைய சகாக்களும் 1997-இல் விளக்கிய இந்தச் சாட்டை விளைவு, சங்கிலியின் தொலைவிலுள்ள கண்ணியையே அதிகமாக அடிக்கிறது. 2020-இன் தொடக்கத்தில் ஆர்டர்கள் அற்றுப்போனதும், 2021-இல் வெள்ளமாய்த் திரும்பியதும், அதற்குக் கன்டெய்னர் கிடைக்காமல் 40 அடிப் பெட்டியின் உலகச் சராசரி வாடகை 10,000 டாலரைத் தாண்டியதும் இதன் பேருரு.

நிர்வாகத் துறை கண்ட விடைகள்

இருப்பைப் பெருக்கு, இரண்டாவது ஆளை வைத்துக்கொள், சங்கிலியைக் கடைசிக் கண்ணிவரை பார், உறவைப் பேணு. மேலாண்மை நூல்கள் விதவிதமாகச் சொல்வதைத் தொகுத்தால் இந்த நான்கில் அடங்கிவிடும்.

டொயோட்டாவின் அனுபவம் நான்கையும் தொட்டுச் செல்கிறது. 1997 பிப்ரவரி 1 அன்று காரியா நகரிலிருந்த ஐசின் ஆலை எரிந்தது. பிரேக்குக்கான ஒரு சிறு வால்வில் டொயோட்டாவின் தேவை ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்தே வந்தது. இருப்போ சில மணி நேரத்துக்கு மட்டுமே. ஓரிரு நாளில் ஜப்பானிலிருந்த டொயோட்டாவின் ஆலைகள் அநேகமாக எல்லாமே நின்றன. வாரக்கணக்கில் ஆகும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், அந்த வால்வை முன்பின் செய்திராதவை உட்பட, வரைபடத்தை வாங்கிக்கொண்டு தத்தம் பட்டறைகளில் வேலையில் இறங்கின. விலை பேசிவிட்டுச் செய்யலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. ஒரு வாரத்தில் உற்பத்தி பெரும்பாலும் மீண்டது.

அந்த உதவி சும்மா வரவில்லை. இக்கட்டில் தம்மைக் கைவிட மாட்டார் என்று பல்லாண்டுப் பழக்கத்தில் நம்பிய ஒரு வாங்குநருக்கு அது கிடைத்தது. 2011-க்குப் பிறகு டொயோட்டா மற்ற விடைகளையும் சேர்த்துக்கொண்டது. கீழ்நிலைக் கண்ணிகள்வரை தகவல் திரட்டி வைத்தது. சிப் போன்ற பொருள்களுக்கு இரண்டு முதல் ஆறு மாத இருப்பு வைக்கும்படி சரக்குத் தருபவர்களிடம் ஏற்பாடு செய்தது. சரக்கைத் தேக்காமல் வேலை செய்வதை உலகுக்குக் கற்பித்த நிறுவனம் இருப்பு வைக்கத் தொடங்கியது பலருக்கும் வியப்பளித்தது. 2021-இன் தொடக்கத்தில் சிப் பஞ்சம் மற்ற கார் நிறுவனங்களை முடக்கியபோது, டொயோட்டா கூடுதல் காலம் தாக்குப்பிடித்தது.

எதற்கு இருப்பு, எதற்கு மாற்று என்று தேர்ந்தெடுப்பதற்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட் சிம்சி-லெவி ஒரு வழி வகுத்தார். ஒரு கண்ணி நின்றால் அது மீள எத்தனை நாள், அது இல்லாமல் நம்மால் தாங்க முடிவது எத்தனை நாள் என்ற இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஃபோர்டு நிறுவனத்தில் இப்படிக் கணக்கிட்டபோது, பெரும் பணம் கொடுத்து வாங்கும் பாகங்களைவிட மலிவான சில பாகங்களில் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு லேபிள் வராவிட்டால் ஆயிரக்கணக்கான டீ-ஷர்ட்டுகள் பேக்கிங் மேசையிலேயே கிடக்கும்.

இருப்பின் அருமையை இந்தியா வேறொரு துறையில் கண்டது. அரசுக் கிடங்குகளில் அரிசியும் கோதுமையும் தேங்கிக்கிடப்பதை வீண்செலவு என்று ஆண்டாண்டாகக் குறை சொன்னவர்கள் உண்டு. 2020 ஏப்ரலில் நாடு முடங்கியபோது அந்தத் தானியம்தான் நபருக்கு மாதம் 5 கிலோ என்று சுமார் 80 கோடிப் பேருக்கு இலவசமாகப் போனது. மருந்துத் துறையில் நேர்மாறு. இறக்குமதி செய்யும் மூல மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குச் சீனாவை நம்பியிருந்ததால், 2020 மார்ச்சில் பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மருந்துப் பொருள்களின் ஏற்றுமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருந்தது.

இந்த விடைகள் எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் இருப்பு வைக்கப் பணம் யார் போடுவது? மாற்று ஆலைக்குக் குறைந்தபட்ச ஆர்டருக்கு யார் உறுதி தருவது? நூல்கள் பெரும்பாலும் வாங்கும் பெரிய நிறுவனத்தின் நாற்காலியில் அமர்ந்து எழுதப்பட்டவை. சங்கிலியின் மறுமுனையிலிருந்து பார்க்கத் திருப்பூருக்குப் போக வேண்டும்.

திருப்பூரின் பாடம்

திருப்பூரில் ஒரு டீ-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நூல் ஒரு மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஓரிடம், சாயமேற்றுவது ஓரிடம், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி வெவ்வேறு இடம். தைப்பது பனியன் கம்பெனியிலோ காண்டிராக்டரிடமோ பவர்டேபிள் எனும் சிறு தையல் கூடத்திலோ நடக்கும். இப்படிச் சிறு சிறு ஜாப் ஒர்க் பட்டறைகளாகப் பிரிந்திருப்பதே அவ்வூரின் பலம். ஓர் ஆர்டர் திடீரெனப் பெரிதானால் பத்துப் பட்டறைக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஒருவர் மெஷின் பழுதானால் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இருப்பார். ஆனால் நூல் தவிர்த்த எல்லாக் கண்ணிகளும் ஒரே ஆற்றங்கரையில் இருந்தன. எல்லாத் துணியும் சாயப்பட்டறை வழியாகத்தான் போக வேண்டும். சாயப்பட்டறைக் கழிவோ நொய்யலுக்குப் போனது.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏறப் பெருமளவு உப்பும் தண்ணீரும் வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகலாம், கரைந்த உப்பு போகாது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த கிணறுகள் உப்பாயின, நிலங்கள் விளைச்சலை இழந்தன. வெளிநாட்டுக் கடையில் விற்ற பனியனின் விலையில் சேராத ஒரு செலவை நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாற உத்தரவிட்டது. கெடு கடந்தும் அது நிறைவேறாததால், 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. நிட்டிங் பட்டறையில் துணி தேங்கியது, தையல் கூடத்தில் வேலை நின்றது, துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டியதாயிற்று. ஷிப்மெண்ட் தேதிகள் தவறின.

அந்த முடக்கத்துக்கு வெள்ளமோ நிலநடுக்கமோ காரணமில்லை. ஆண்டுக்கணக்கில் ஆற்றின் மீதும் விவசாயியின் மீதும் தள்ளிவிடப்பட்ட செலவு ஒரே நாளில் வசூலுக்கு வந்தது. சூழல் பாதுகாப்பைச் சங்கிலிக்கு வெளியே உள்ள நற்செயலாகப் பார்ப்பவர்கள் 2011 திருப்பூரைப் படிக்க வேண்டும். நதியைக் காக்கத் தவறியதே அங்கே விநியோகத்தை நிறுத்தியது.

பிறகு நடந்ததும் அதே அளவுக்கு முக்கியம். மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக சுமார் 200 கோடி ரூபாய் கொடுத்தது. பட்டறைக்காரர்கள் கூட்டுப் பொறுப்பில் கடன் சுமந்தார்கள். உயிரியல் சுத்திகரிப்பு, சவ்வு வடிகட்டல், ஆவியாக்கிகள் எனப் படிப்படியாகச் சேர்த்து, தண்ணீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் மீட்டெடுக்கும் நிலை வந்தது. உப்புக்கரைசலையும் மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தினார்கள். தண்ணீருக்கு ஏங்கும் கொங்கு நாட்டில், சாயப்பட்டறை தன் தண்ணீரைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வது வறட்சிக்கு எதிரான காப்பும்கூட.

ஆனால் இதற்கான செலவை வாங்குநர்கள் விலையில் ஏற்றிக் கொடுத்தார்களா? இத்தகைய சுத்திகரிப்பைக் கட்டாயமாக்காத நாடுகளோடுதான் திருப்பூர் விலையில் போட்டியிட வேண்டியிருந்தது. செலவு ஆற்றின் தோளிலிருந்து இறங்கிப் பட்டறைக்காரர் தோளில் ஏறியது. அது முன்னேற்றம்தான், ஐயமில்லை. ஆனால் பாதி வழியே வந்திருக்கிறோம்.

அடுத்தடுத்து வந்த அதிர்ச்சிகளிலும் இந்தக் கேள்வியே எழுந்தது. 2020 முடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அடுத்து வந்தது பஞ்சு விலை. தமிழ்நாட்டில் நூற்பாலைகள் ஏராளம், பருத்தி விளைச்சலோ குறைவு, பஞ்சு குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வர வேண்டும். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மாதங்களுக்கு முன்பே ஒப்புக்கொண்ட விலையில் ஆர்டரை முடிக்க வேண்டியவர்கள் நூல் விலை உயர்வைத் தாங்களே விழுங்கினார்கள், இல்லாவிட்டால் கதவடைப்புப் போராட்டத்தில் இறங்கினார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக்கியது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பிவந்த ஊரில் ஆர்டர்கள் தயங்கி நின்றன, வாங்குநர்கள் தள்ளுபடி கேட்டார்கள். சரக்கில் மட்டுமல்ல, சந்தையிலும் ஒரே ஆளை நம்புவது ஆபத்து என்பது அப்போது விளங்கியது.

கடைசிக் கண்ணி

பட்டறைக்காரருக்குக் கீழே இன்னொரு தோள் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். முந்தின நாளே சுவரில் வெடிப்புகள் தெரிந்தன. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டார்கள். ஷிப்மெண்ட் தேதியின் நெருக்கடி கடைசியில் தையல் மேசையில் இருந்த பெண்கள் மீது இறங்கியது.

அதன் பின் உருவான தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம், பிராண்டுகளையும் தொழிற்சங்கங்களையும் சட்டப்படி கட்டுப்படுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் ஆய்வுக்கு உள்ளாயின. தணிக்கையாளர் வந்து படிவம் நிரப்பிப்போன காலத்தில் நடக்காத திருத்தங்கள், வாங்குநர் கையெழுத்திட்ட பொறுப்பு வந்ததும் நடந்தன. தமிழ்நாட்டில் 2022-இல் உருவான திண்டுக்கல் ஒப்பந்தமும் அந்த வழியில் வந்தது. பெண் தொழிலாளர்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகம், வெளிநாட்டு பிராண்டுகள் ஆகியோரை அது பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிராக ஒன்றாகப் பிணைத்தது.

ஆனால் கொள்முதல் நடைமுறை மாறவில்லை. 2020-இல் கோவிட் வந்தவுடன், வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேலான ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. தைத்து முடித்த துணிக்கும் பணம் தராதவர்கள் இருந்தார்கள். தொழிலாளர் நிலை குறித்து ஆராயும் மார்க் ஆனரின் ஆய்வுகள் இந்தச் சுமை எப்படிக் கூலிக்குறைப்பாகவும் வேலையிழப்பாகவும் இறங்கியது என்று காட்டின. ஊருக்குப் போன தொழிலாளி திரும்பி வராவிட்டால், மறு ஆண்டு ஆர்டர் வந்தாலும் மெஷினில் உட்கார ஆள் இருக்காது. தொழிலாளிக்கு இடர்க்காலத்தில் கூலி கிடைப்பது இரக்கம் மட்டுமன்று, உற்பத்தி மீளுவதற்கான முதலீடும் அதுவே.

சட்டத்தின் கை எட்டும் தொலைவு

ராணா பிளாசாவுக்குப் பின் பிரான்ஸ் 2017-இல் விழிப்புக் கடமைச் சட்டம் இயற்றியது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பொதுவான நெறிமுறை கொண்டுவந்து, 2025-இல் அதன் காலக்கெடுவைத் தள்ளிப்போட்டது. பொறுப்பு தன் வாசலோடு முடிகிறது என்று இனி எந்தப் பெரிய நிறுவனமும் சொல்ல முடியாது என்பதே இவற்றின் சாரம். அது வரவேற்கத்தக்கது.

நடைமுறையில் ஒரு வழுக்கல் இருக்கிறது. சட்டக் கடமையை வாங்குநர் ஒப்பந்தத்தில் எழுதித் தருபவரிடம் கைமாற்றிவிடலாம். சான்றிதழ், தணிக்கை, தரவு உள்ளீடு என்று செலவு மீண்டும் கீழே இறங்கும். ஒரே பனியன் கம்பெனி வெவ்வேறு பிராண்டுகளுக்கு வெவ்வேறு தணிக்கைக்குப் பணம் கட்டும். விலையையும் கெடு நாளையும் தொடாத சட்டம் காகிதத்தைப் பெருக்கும், ஆபத்தைக் குறைக்காது.

இரண்டும் மோதும் இடங்கள்

நிலைத்த தன்மையும் தாங்கும் ஆற்றலும் எப்போதும் கைகோத்தே நடக்கும் என்று சொல்வது நேர்மையாகாது. செங்கடலைத் தவிர்த்துச் சுற்றிப்போகும் கப்பல் கூடுதல் எரிபொருள் எரிக்கிறது. கூடுதல் இருப்பு வைத்தால், விற்காத துணி குப்பைக்குப் போகும் வாய்ப்பும் கூடுகிறது. திருப்பூரின் ஆவியாக்கிகள் ஏராளமான ஆற்றலை விழுங்குகின்றன, கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்புக்கும் கசடுக்கும் இடம் தேட வேண்டியிருக்கிறது. தங்கள் காற்றாலைகளால் அந்த ஆற்றல் செலவைத் தொழில்முனைவோர் ஓரளவு ஈடுகட்ட முயல்கிறார்கள்.

மாற்றத்தை அமைக்கும் விதம் தவறினால் நல்ல நோக்கமும் முறியும் என்பதை இலங்கை காட்டியது. 2021-இல் இரசாயன உர இறக்குமதிக்கு அரசு திடீரெனத் தடை விதித்தது. இயற்கை உரம் போதிய அளவு தயாராக இல்லை, உழவர்களுக்குப் பழகிக்கொள்ள அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடி வாங்கியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அங்கேயும் கொள்கையின் முழுச் சுமையும் உழவர் தலையில்தான் விழுந்தது.

செய்ய வேண்டியவை

மேலே கண்டவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. ஐசின் தீயிலிருந்து டொயோட்டா மீண்டது, சுமையைப் பகிரும் உறவு முன்பே இருந்ததால். 2011-இல் திருப்பூர் முடங்கியது, செலவை ஆறு சுமந்துகொண்டிருந்ததால். அது மீண்டெழுந்தது, அரசும் பட்டறைக்காரர்களும் சேர்ந்து செலவை ஏற்றதால். இதிலிருந்து நான்கு செயல்கள் பிறக்கின்றன.

முதலாவது, வாங்குநர்கள் ஒரு பருவத்துக்கு ஓர் ஆள் என்று அலையாமல் பல ஆண்டு ஒப்பந்தங்களுக்கு வர வேண்டும். அவற்றில் பஞ்சு விலைக்கேற்ப ஏறி இறங்கும் விலைப் பிரிவும், ரத்து செய்தால் செய்து முடித்த வேலைக்குப் பணம் தரும் பிரிவும் கட்டாயம் இருக்க வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்கி நூல் எடுப்பவரிடம் இருப்பு வைக்கச் சொல்வது நியாயமில்லை, இருப்புக்கான முதலை வாங்குபவர் போட வேண்டும்.

இரண்டாவது, ஆற்றைக் காக்கும் செலவு சரக்கின் விலையில் தெரிய வேண்டும். கழிவை வெளியேற்றாமல் சாயமேற்றிய துணிக்கும் ஆற்றில் விட்ட துணிக்கும் ஒரே விலை என்ற நிலை நீடித்தால், நல்லது செய்தவரே நட்டப்படுவார். ஐரோப்பாவின் புதிய நெறிமுறைகள் தரவு கேட்பதோடு நிற்காமல் இந்த விலை வேறுபாட்டுக்கு வழி செய்ய வேண்டும்.

மூன்றாவது, அரசின் பணி. தனியொரு பட்டறையால் கட்ட முடியாத சுத்திகரிப்பு நிலையம், தொழிலாளர் விடுதி, சிறு நிறுவனங்களுக்கு நெருக்கடிக் காலக் கடன் ஆகியவை பொது முதலீட்டில்தான் அமையும். பஞ்சு விலை தாறுமாறாக ஏறும் ஆண்டுகளுக்கென ஒரு கையிருப்பையும், உணவுத் தானியத்தில் கண்ட அனுபவத்தை மனத்தில் வைத்துப் பரிசீலிக்கலாம். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வணிக ஒப்பந்தம்போலச் சந்தைகளைப் பரவலாக்குவதும் அரசின் வேலையே.

நான்காவது, தொழிலாளர் பிரதிநிதிகளைப் பேச்சு மேசையில் உட்கார வைப்பது. கட்டடத்தில் வெடிப்பையும் பாய்லரின் மாறிய ஓசையையும் முதலில் அறிபவர்கள் அங்கே வேலை செய்பவர்களே. அதைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதி அவர்களுக்கு வேண்டும். எந்த மென்பொருளும் தராத முன்னெச்சரிக்கையை அந்த உறுதி தரும்.

இவை எல்லாவற்றுக்கும் பணம் ஆகும், சரக்கின் விலை சற்றுக் கூடவும் செய்யும். அந்தச் செலவு புதிதாக முளைப்பதில்லை. இதுவரை ஒரத்துப்பாளையத்து உழவரும் சாவரின் தையல்காரப் பெண்ணும் அதைக் கட்டிவந்தார்கள். வாங்குபவர் தன் பங்கைத் தானே கட்டத் தொடங்கினால் அடுத்த அதிர்ச்சியைத் தாங்கும் வலு சங்கிலிக்குக் கிடைக்கும். மறுத்தால், எந்தக் கண்ணியில் முறியும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.